‘நெருப்புக்கு அந்நியன்’: எரிமலைக் கல்லுக்குத் தப்பான பெயர் வைத்தவர் யார்?

எரிமலைப் பாறையில் அடிக்கடி கரும்பச்சைப் படிகங்கள் தெரியும். பைராக்சீன் என்பார்கள். கிரேக்க மொழியில் அதற்கு ‘நெருப்புக்கு அந்நியன்’ என்று அர்த்தம். எரிமலையில் பிறந்த கல்லுக்கு இப்படி ஒரு பெயரா? வைத்தவர் ரெனே ஜூஸ்த் அயுயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார்.

1743-ல் ஏழை நெசவாளி வீட்டில் பிறந்தவர். பாரிஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் நண்பர் வீட்டில் கால்சைட் படிகம் ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளில் எல்லாம் அதே கோணங்கள்! வீட்டுக்குப் போய், தான் ஆசையாகச் சேர்த்த கால்சைட்டுகளையும் உடைத்துப் பார்த்தார். வெளி வடிவம் எதுவானாலும் உள்ளே ஒரே மாதிரிக் கட்டைதான். 1784-ல் இதை நூலாக வெளியிட்டார். படிகவியலுக்கு அதுதான் அடித்தளம்.

1792-ல் உயிரே போயிருக்கும். புரட்சி அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்த பாதிரியார்களோடு இவரையும் பிடித்து அடைத்தார்கள். இளம் மாணவர் ஜியோஃப்ராய் செயின்ட்-ஹிலேர் அலைந்து திரிந்து வெளியே கொண்டுவந்தார். சில வாரங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அதே இடத்தில் அடைபட்டிருந்த பாதிரியார்கள் பலர் படுகொலை செய்யப்பட்டார்கள்.

பைராக்சீன் பெயர் வந்தது அதற்குப் பிறகு, 1796-ல். எரிமலைக் குழம்பு வரும் வழியில் எங்கிருந்தோ அள்ளி வந்த கல் என்று நினைத்துவிட்டார். உண்மையில் குழம்பு வெளியே கொட்டுவதற்கு முன்பே அதிலிருந்து உறைந்த படிகம் அது. இன்னொரு கூட்டத்துக்கு ஆம்பிபோல், அதாவது ‘இரண்டுங்கெட்டான்’, என்று பெயர் வைத்தார். பார்க்க வேறு பல கற்கள் மாதிரியே இருந்து ஏமாற்றுமாம். இந்தப் பெயர் பொருத்தம்தான்.

1822-ல் அயுயி இறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது. 1928-ல் வாரனும் பிராக்கும் டையாப்சைட் என்ற பைராக்சீனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார்கள். நடுவில் ஒரு சிலிக்கான், நான்கு மூலையிலும் ஆக்சிஜன்: இப்படிப்பட்ட நான்முகிகள், ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜனைப் பக்கத்து நான்முகிகளோடு பகிர்ந்து, நீளச் சங்கிலியாகக் கோத்திருந்தன. ஆம்பிபோலில் இரண்டு சங்கிலிகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு பட்டையாகிவிடும்.

சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது, சங்கிலிகளுக்கு இடையே அவ்வளவு வலு இல்லை. அதனால் சங்கிலியை விட்டுவிட்டு இடைவெளியில்தான் கல் பிளக்கும். ஒற்றைச் சங்கிலி ஒல்லி என்பதால் பைராக்சீன் 87, 93 டிகிரியில், கிட்டத்தட்டச் செங்கோணமாகப் பிளக்கிறது. ஆம்பிபோலின் பட்டை அகலம், ஆகவே 56, 124 டிகிரி. நிலவியல் மாணவர்கள் இன்றைக்கும் இந்த இரண்டையும் பிரித்தறிவது, பாதிரியார் செய்த மாதிரியே, பிளந்த கோணத்தைப் பார்த்துத்தான். தப்பான பெயரையும் யாரும் மாற்றவில்லை.