புரோகிதர் இல்லாத பந்தல்

திருமண ஊர்வலம் ஒன்றில் தொடங்குகிறது இந்த வரலாறு. ஆண்டு 1848. இடம் புனே நகரம். பார்ப்பன நண்பன் அன்போடு அழைத்தான் என்பதற்காக, இருபது வயதைத் தொட்ட இளைஞன் ஒருவன் அந்த நண்பனின் மண ஊர்வலத்தில் கலந்துகொண்டு நடந்தான். அவன் தோட்டக்கார மாலி சாதியில் பிறந்தவன். உறவினர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். சூத்திரன் எங்களுக்குச் சமமாக நடப்பதா என்று சீறினார்கள். நடுத்தெருவில் அவமானப்படுத்தி விரட்டினார்கள்.

நட்பு அழைத்தது, சாதி விரட்டியது! அந்த இளைஞன்தான், பின்னாளில் 1888இல் பம்பாய் மக்கள் கூடி மகாத்மா என்று பட்டம் சூட்டிய ஜோதிராவ் பூலே.

சாதியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது தோழர்களே? கோயிலில் இருக்கிறது என்பார்கள் சிலர். சாத்திரத்தில் இருக்கிறது என்பார்கள் வேறு சிலர். பூலேயின் வாழ்வைப் படித்தால் தெரியும், அது திருமணப் பந்தலில் இருக்கிறது.

அந்நாளைய மராட்டியச் சிற்றூர்களில் கிராம ஜோசி என்றொருவர் இருப்பார். சாதகம் பார்ப்பவர் அவர். நாள் குறிப்பவர் அவர். மந்திரம் ஓதுபவர் அவர். அந்த உரிமை தந்தைக்குப் பின் மகனுக்கு என்று இறங்கி வரும் பரம்பரைச் சொத்து. வதன் என்று அதற்குப் பெயர். அவரை விட்டு வேறொரு புரோகிதரை அழைத்துத் திருமணம் நடத்தினாலும், தமக்குரிய தட்சிணையைக் கேட்டு அவர் வழக்குப் போடலாம். வெள்ளைக்காரன் நீதிமன்றமும் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது!

யாருக்கு யார் என்பதைச் சாதி முடிவு செய்தது. எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்தது. என்ன செலவு என்பதைப் புரோகிதர் முடிவு செய்தார். கூடி வாழப்போகும் இருவரையோ எவரும் கேட்கவில்லை. பதில் சொல்லும் வயதும் அவர்களுக்கு இல்லை. பூலேயின் திருமணமே அப்படித்தான். 1840இல் நடந்தது. மணமகனுக்கு வயது 13. சதாரா மாவட்டத்து நய்காவ் கிராமத்துச் சாவித்திரிக்கு வயது 9.

ஆனால், ஊர் கட்டி வைத்த அந்த உறவை உண்மையான தோழமையாக்கிக் காட்டினார் பூலே. மனைவிக்கு எழுத்தறிவித்தார். 1848இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார், சாவித்திரியை ஆசிரியையாக்கினார். ஊர் தூற்றியது. பெற்ற தந்தையே வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். கணவனும் மனைவியும் கைகோத்து வெளியேறினார்கள், கொள்கையை விடவில்லை.

குழந்தை மணத்தின் கொடிய விளைவு என்ன? குழந்தை விதவை! மறுமணம் கிடையாது, தவறி வயிற்றில் கரு உண்டாகிவிட்டால் கிணறுதான் கதி. 1863இல் அத்தகைய பெண்களுக்காகப் பூலே இணையர் ஒரு காப்பகம் அமைத்தார்கள். அங்கே வந்த காசிபாய் என்ற பார்ப்பன விதவையின் மகனையே தங்கள் மகனாக ஏற்றார்கள். அவன் பெயர் யஷ்வந்த்.

1873 செப்டம்பர் 24 அன்று சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார் பூலே. உண்மையைத் தேடும் சங்கம் என்று பொருள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, சீதாராம் அல்ஹாட், ராதா இருவருக்கும் முதல் சத்திய சோதகத் திருமணம் நடந்தது. பந்தல் இருந்தது, புரோகிதர் இல்லை. வாழ்த்து இருந்தது, புரியாத மந்திரம் இல்லை. தாய்மொழி மராட்டியில் மணமக்களே உறுதிமொழி கூறும் முறையை வகுத்தார் பூலே. பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று மணமகள் கேட்பாள்; தருவேன் என்று மணமகன் சபைமுன் உறுதி கூறுவான். கடவுளை மறுத்தவரல்ல பூலே. படைத்தவன் ஒருவன் உண்டென்று நம்பியவர். அந்தப் படைத்தவனுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகர் எதற்கு என்பதுதான் அவர் கேள்வி.

1883இல் எழுதிய உழவனின் சாட்டை என்ற நூலில், பிறப்பதற்கு முன்பிருந்து இறந்த பின்பு வரை, சடங்கின் பெயரால் உழவன் எப்படிச் சுரண்டப்படுகிறான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்குப் புரிந்தது கிராமத்துக்கு. மறு ஆண்டே ஜுன்னர் வட்டத்து ஓதூரில் பாலாஜி குசாஜி பாட்டீல் தம் குடும்பத் திருமணங்களைப் புரோகிதர் இன்றி நடத்தினார். விட்டார்களா ஜோசிகள்? தட்சிணை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்றது வழக்கு. புரோகிதச் சடங்கே வேண்டாம் என்று மணம் முடித்தவன் கட்டணம் தரவேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. ஓர் உழவர் வீட்டுப் பந்தல், ஊர்களுக்கெல்லாம் வழி திறந்துவிட்டது!

நகரத்துப் பாட்டாளியும் வாளாவிருக்கவில்லை. 1890இல் பம்பாயில் முடிதிருத்தும் தொழிலாளர்கள் கூடி, விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். கூட்டியவர் பூலேயின் தோழர், ஆலைத் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே. கூலியை இழந்தாலும் கொடுமைக்குக் கை கொடுக்கமாட்டோம் என்றவர்கள் அந்த ஏழைகள்.

இவ்வளவும் வெற்றி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். புரோகிதர் போனார், சாதி போகவில்லை. சத்திய சோதகத் திருமணங்களில் பெரும்பாலானவை அவரவர் சாதிக்குள்ளேயே நடந்தன. மந்திரத்தை விடத் துணிந்தவர்கள், சம்பந்தம் தேடும்போது பழைய வேலிக்குள்ளேயே நின்றார்கள்.

அந்த வேலி பூலேயின் வீட்டு வாசலுக்கும் வந்தது. யஷ்வந்துக்குப் பெண் தேடினார்கள். விதவை பெற்ற பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்? பல வாசல்கள் சாத்தப்பட்டன. கடைசியில், சங்கத்துத் தோழர் ஞானோபா சாசனே தம் மகளைத் தந்தார். 1889 பிப்ரவரி 4 அன்று திருமணம் நடந்தது. மேடையில் பேசியதை வீட்டிலும் செய்த தோழர் ஒருவர் கிடைத்ததால் நடந்த திருமணம் அது! மறு ஆண்டு நவம்பர் 28 அன்று பூலே மறைந்தார்.

முதல் சத்திய சோதகத் திருமணம் நடந்து 94 ஆண்டுகள் கழித்து, 1967இல், நம் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும்படி ஆக்கியது. புரோகிதர் இல்லாமல் மணக்கச் சட்டம் இருக்கிறது. சாதி பாராமல் மணக்கவும் சட்டம் தடையில்லை. தடை எங்கே இருக்கிறது? தரகர் கொண்டுவரும் சாதகத்தில், முதல் வரியில் நாம் பார்க்கும் சாதிப் பெயரில் இருக்கிறது.

மாலை போடப் பூலேக்குப் படங்கள் ஏராளம். சாசனேயைப் போல மகளைத் தரும் தோழர்கள் எத்தனை பேர்? அடுத்த திருமணம் நம் வீட்டில் நடக்கும்போது, இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.