தோட்டத்தை விட்டுக் கடலுக்குப் போன துரை

துரை என்று சொன்னாலே நம்ம தோட்டத்துப் பெரியவங்க மனசில் ஓர் உருவம் வந்து நிற்கும். விடியற்காலைப் பெரட்டு, காக்கிச் சட்டை, குன்றின் மேல் பங்களா. கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு அந்த வரலாறு நன்றாகவே தெரியும். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுத் துரை செம்பனை நட்டார். இந்த நாட்டில் செம்பனை வணிகப் பயிரானது அங்கிருந்துதான். நட்டவர் துரை என்று எழுதுகிறோம். குழி வெட்டியது யாரென்று உங்களுக்கே தெரியும்.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவிலும் ஒரு துரை இருந்தார். பெயர் ஹரால்ட் வில்லியம் டில்மன். தோட்டத்தை விட்டு இமயமலை ஏறினார். பிறகு, மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வடதுருவப் பனிக்கடலுக்குப் போனார். ஒரு முறை இல்லை, ஏறக்குறைய ஆண்டுதோறும். வெள்ளைக்காரத் துரையின் கதை நம்ம இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அம்பாளின் பெயர் தாங்கிய நந்தா தேவி மலையின் உச்சியை முதலில் அடைந்த இருவரில் இவர் ஒருவர். அதுவே போதாதா?

டில்மன் 1898 பிப்ரவரி 14-இல் இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே ஒரு சர்க்கரை வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பள்ளி முடிந்ததும் முதல் உலகப் போர். பீரங்கிப் படையில் சேர்ந்து, சொம் போர்க்களத்தில் நின்று, இரண்டு முறை வீரப் பதக்கம் வாங்கினார். கூடப் படித்த பையன்கள் பலர் திரும்பவில்லை. தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஒரு மனிதன் இப்படி ஓரிடத்தில் உட்காராமல் அலைவானா?

போர் முடிந்து 1919-இல், முன்னாள் வீரர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்த நிலத்தில் அவருக்கும் கென்யாவில் ஒரு பங்கு கிடைத்தது. அது ஆப்பிரிக்க மக்களின் மண் என்பதை அன்று குலுக்கியவர்கள் யோசிக்கவில்லை. அங்கே காப்பி பயிரிட்டார். 1930-இல் எரிக் ஷிப்டன் என்ற இளம் தோட்டக்காரருடன் சேர்ந்து கென்யா மலை ஏறினார். அதோடு தோட்டத்தின் மேலிருந்த ஆசை தீர்ந்தது. 1933-இல் ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் எடுக்காமல் ஒரு சைக்கிளை வாங்கி, உகாண்டாவிலிருந்து மேற்குக் கரை வரை ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்தார். சுமார் 3,000 மைல். வழியில் பெரும்பாலும் வாழைப்பழம்தான் சாப்பாடு.

அடுத்த ஆண்டு டில்மனும் ஷிப்டனும் இமயம் வந்தார்கள். நந்தா தேவியைச் சுற்றிச் சுமார் 70 மைல் வட்டமாக மலைகள் கோட்டை மதில் போல நிற்கின்றன. உள்ளே போக ஒரே வாசல், ரிஷி கங்கை ஆறு அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கு. அதுவரை யாரும் அதைக் கடந்து உள்ளே போனதில்லை. ஆங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களோடு இவர்கள் நுழைந்தார்கள். 1936 ஆகஸ்ட் 29-இல் டில்மனும் நோயல் ஓடலும் 7,816 மீட்டர் உச்சியில் நின்றார்கள். அதற்கடுத்த 14 ஆண்டுகளுக்கு மனிதன் ஏறிய உச்சிகளில் அதுவே உயரமானது. அந்தப் பயணத்தில் கித்தார் என்ற ஷெர்பா நோயால் இறந்தார். உச்சியை அடைந்த அதே நாள் பிண்டார் ஆறு பெருகி, தராலி ஊரில் பலரை அடித்துச் சென்றது. தேவியின் கோபம் என்றார்கள் ஊர் மக்கள். டில்மன் அதைக் கேலி செய்யவில்லை. தன் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். வென்ற மகிழ்ச்சியோடு, தலைநிமிர்ந்து நின்ற மலையைத் தாழ்த்திவிட்டோமோ என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது.

1938-இல் எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை, பிறகு இரண்டாம் உலகப் போரில் 45 வயதில் அல்பேனியாவில் பாராசூட்டில் குதித்தது எல்லாம் தனிக் கதை. கடலுக்கு வருவோம்.

ஐம்பதைத் தாண்டியதும் உயரமான மலைகளில் தன் உடம்பு முன்போல் ஒத்துழைக்காது என்று டில்மனுக்குப் புரிந்துவிட்டது. நம்ம ஊரில் 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வீட்டுக்குக் கூரை மாற்றுவோம். அவர் 1954-இல், 56 வயதில், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மிஸ்சீஃப் என்ற படகை வாங்கினார். குறும்பு என்று அர்த்தம். 1906-இல் கட்டிய மரப்படகு. நீளம் 45 அடி, பள்ளிப் பேருந்தைவிடச் சற்றே அதிகம். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கூட்டி வரும் பைலட்களுக்காகக் கட்டப்பட்ட வகை அது. எந்தப் புயலிலும் வெளியே போகணும், இரண்டு பேரே ஓட்டணும் என்பதற்காகக் கனமாகவும் உறுதியாகவும் செய்திருந்தார்கள். அவர் கணக்கு எளிமையானது: யாரும் ஏறாத மலைகள் கடலோரமாக இருக்கும் இடத்துக்குப் படகிலேயே போய் இறங்குவது.

முதலில் தென் அமெரிக்கா, பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி ஒரு பயணம். 1961-இலிருந்து வடக்கே திரும்பினார். கிரீன்லாந்து, பாஃபின் தீவு, பைலட் தீவு. 1963-இல் பைலட் தீவைப் பனிச்சறுக்கு வண்டி இழுத்தபடி ஒரு துணையோடு நடந்தே கடந்தார். அப்போது வயது 65.

பனிக்கடலில் படகு ஓட்டுவது என்றால் என்ன? கோடையில் அங்கே இரவே கிடையாது. அதனால் நட்சத்திரம் தெரியாது. சூரியனைக் கோணமானியால் அளந்துதான் இடத்தைக் கணக்கிடணும். மூடுபனி இறங்கினால் அதுவும் போச்சு. பாஃபின் பக்கம் பூமியின் காந்த முனை அருகில் இருப்பதால் திசைகாட்டி முள் வடக்கை விட்டு வெகுவாக மேற்கே சாய்ந்து நிற்கும். கிழக்குக் கிரீன்லாந்தில் துருவத்திலிருந்து வரும் நீரோட்டம் பனிப்பாளங்களைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே வரும். பாய்மரத்தின் மேல் ஓர் ஆள் ஏறி, பாளங்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் தண்ணீர்ச் சந்தைப் பார்த்துச் சொல்ல, கீழே சுக்கானைத் திருப்பணும். காற்று மாறினால் உள்ளே வந்த சந்து பின்னால் மூடிக்கொள்ளும். பெரிய பனிமலை தூரத்திலேயே தெரிந்துவிடும். அதிலிருந்து உடைந்து, தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் துண்டுதான் ஆபத்து. நம்ம பாசிர் பெனம்பாங் மீனவர் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டுக்குப் பயப்படுவார். சேற்றில் ஏறினால் அடுத்த வெள்ளம் வரும்வரை காத்திருக்கலாம். பனிப்பாளம் பலகையை உடைத்துவிடும்.

செய்தி அனுப்பும் ரேடியோவை டில்மன் வைத்துக்கொள்ளவில்லை. தன் விருப்பத்தில் ஆபத்தைத் தேடிப் போகிறவன் மற்றவர்களைக் காப்பாற்றக் கூப்பிடக் கூடாது என்பது அவர் கொள்கை. கூட வர ஆள் தேடி நாளிதழில் விளம்பரம் கொடுப்பார். சம்பளமும் இல்லை, சுகமும் அதிகம் இல்லை என்று அதிலேயே சொல்லிவிடுவார். ஆனாலும் இளைஞர்கள் வந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல். அவருடைய கொள்கையின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. 1966-இல் தென்கடல் பயணத்தில் துணை மாலுமி ஒருவர் கடலில் விழுந்து காணாமல் போனார். தேடியும் கிடைக்கவில்லை. 1968-இல் யான் மாயன் தீவருகே பாறையில் முட்டி, பனிப்பாளங்களிடம் அடி வாங்கிய மிஸ்சீஃப், நார்வேக் கப்பல் இழுத்துச் செல்லும் வழியிலேயே மூழ்கியது. ஆட்கள் பிழைத்தார்கள். அடுத்து 1899-இல் கட்டிய சீ பிரீஸ் என்ற படகை வாங்கினார். 1969-இல் கூட வந்தவர்கள் பனிக்குள் மேலே போக மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர் வாதாடி இருக்கலாம், ஆனால் படகைத் திருப்பினார். மனசுக்குள் கசப்புதான். 1972-இல் அந்தப் படகும் கிழக்குக் கிரீன்லாந்தின் பாறைகளுக்குப் பலியானது. மூன்றாவதாக பரோக். அதில் 1974-இல், 76 வயதில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைச் சுற்றி வந்தார்.

கடல் சாகசம் வெள்ளைக்காரனுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். இலங்கை வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, தமிழ் மாலுமிகளே அதை அட்லாண்டிக் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டில்மன் 15 புத்தகங்கள் எழுதியதால் அவர் பெயர் நிற்கிறது. அவர்கள் எழுதவில்லை.

டில்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேல்ஸ் நாட்டில் பார்மவுத் அருகே அக்கா ஆடலின் வீட்டைப் பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு பயணமும் முடிந்து அங்கேதான் திரும்புவார். 1974-இல் அக்காவும் போய்விட்டார். பெரிய வீடு, ஒரே ஆள்.

1977-இல் ஓர் இளைஞர், பழைய இழுவைப் படகைத் தானே மாற்றியமைத்து, அண்டார்க்டிகா பக்கம் ஸ்மித் தீவில் மலை ஏறக் கிளம்பினார். டில்மனைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் தலைவர் இல்லை, கூலியில்லாத மாலுமி. ஆகஸ்டில் இங்கிலாந்தை விட்ட என் அவான் என்ற அந்தப் படகு ரியோ டி ஜெனிரோ வரை நல்லபடியாகப் போனது. நவம்பர் 1-இல் அங்கிருந்து ஃபாக்லாந்து தீவுகளுக்குக் கிளம்பியது. ஏழு பேரின் குடும்பங்கள் மாதக்கணக்கில் செய்திக்காகக் காத்திருந்தன. 1978 பிப்ரவரியில் டில்மனுக்கு 80 வயது நிறைந்திருக்கும். படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.