புக்ககம் புகுந்த புலவர்

பொருளீட்டப் பிறநாடு செல்வோர் பலர். சென்ற நாட்டையே தம் நாடாகக் கொண்டு, அவ்விடத்தே இல்லறத்தை நிலைநாட்டுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், கொய்சுமி யாக்குமோ என்னும் பெயருடன் ஜப்பானில் வாழ்ந்த லப்காடியோ ஹெர்ன் ஆவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹெர்ன் 1850-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அக்காலத்தில் ஆங்கிலேயர் ஆதரவிலிருந்த லெவ்காதா என்னும் கிரேக்கத் தீவில் பிறந்தார். தாய் கிரேக்கப் பெண்மணி. தந்தை ஆங்கிலப் படையில் மருத்துவராயிருந்த அயர்லாந்துக்காரர். இளமையிலேயே பெற்றோர் பிரிந்தமையால், டப்ளின் நகரில் பாட்டி முறையினரான ஓர் அம்மையாரிடம் வளர்ந்தார். பள்ளியிற் பயிலுங்கால் இடக்கண் பார்வையை இழந்தார். 1869-இல் அமெரிக்கா சென்று, வறுமையுற்றுப் பின்னர்ப் பத்திரிகை எழுத்தாளராய்ப் பெயர் பெற்றார். எனினும் நாற்பதாண்டு நெருங்கியும் நிலைத்ததோர் இல்லம் அவர்க்கு வாய்த்திலது.

1890 ஏப்ரலில் யோக்கோஹாமாத் துறைமுகத்தில் இறங்கிய அவர், அவ்வாண்டிலேயே மத்சுயே நகரில் ஆங்கில ஆசிரியராய் அமர்ந்தார். ஆங்குச் செத்சு என்னும் நங்கையை மணந்தார். அவர் சாமுராய் என்னும் மறக்குடியினர். 1868-இல் ஆட்சிமுறை மாறிய பின்னர் அக்குடி வருவாயிழந்து நலிந்திருந்தது. ஹெர்ன் மனைவியோடு அவரைச் சார்ந்த முதியோரையும் தாங்கினார்.

1893-இல் தலைமகன் பிறந்ததும் பெருங்கவலையொன்று எழுந்தது. ஆங்கிலக் குடியாகவே நின்று மணத்தைப் பதிவு செய்தால், மனைவி தம் நாட்டுரிமையை இழப்பார். பதியாது விடுத்தாலோ, தமக்குப் பின் தம் பொருள் மனைவி மக்களைச் சேருமென்னும் உறுதியில்லை. ஆதலின் 1896-இல் அவர் மனைவியின் குடும்பத்திலேயே சேர்ந்து, அக்குடிப்பெயரைப் பூண்டு, ஜப்பானியக் குடியானார். அயல்நாட்டார் ஜப்பானிய நீதிமன்றங்களுக்கு உட்படாது, தத்தம் நாட்டுத் தூதர் காவலில் வாழ்ந்த காலம் அது. அக்காவலையும் அவர் துறந்தார்.

புக்ககம் புகுதல் பெண்டிர்க்கே உரியதென்பது நம் வழக்கு. மாமனார் குடியிற் சேர்ந்த ஆடவனை எள்ளுவாரும் நம்முள் உளர். ஆயின் மனைவி மக்களைக் காத்தற்பொருட்டுத் தம் பெயரையும் நாட்டையும் விடுத்தவரை எள்ளுதல் எங்ஙனம் தகும்?

மேனாட்டு நடையுடைகளை ஜப்பானியர் விரைந்து மேற்கொண்டது அவர்க்கு வருத்தம் தந்தது. ஆயினும் அந்நாட்டை விட்டகன்றாரல்லர். செத்சு அம்மையார் பழங்கதைகளைப் படித்து, நூலைப் பாராமல் எளிய சொற்களிற் கூறுவார்; கணவர் அவற்றை ஆங்கிலத்தில் வடிப்பார். 1904-இல் வெளிவந்த குவைதான் என்னும் கதைத்தொகுதி, இங்ஙனம் அவ்விருவர் உழைப்பால் விளைந்ததேயாம். அவ்வாண்டு செப்டெம்பர் 26-ஆம் நாள், தமது 54-ஆம் வயதில், மூன்று ஆண்மக்களையும் ஒரு பெண்மகவையும் விட்டு, டோக்கியோவில் ஹெர்ன் காலமானார். அந்நகரத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார். மத்சுயேயில் அவர் குடியிருந்த வீடு இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது.

பிறநாட்டில் மனை வாங்குதல் செல்வமுடையார்க்கு எளிது. அந்நாட்டார் குடும்பமொன்றின் சுமையைத் தன் சுமையாக ஏற்றலே அரிது. கடல் கடந்து வாழும் நம் குடும்பத்தினர் இதனைச் சிந்திப்பாராக.