சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

கணக்கு வகுப்பில் அமர்ந்திருக்கும்போது பக்கத்து வகுப்பிலிருந்து பாட்டொலி வந்தாலே நமக்குக் கூட்டல் தவறிவிடுகிறது. தாம்பரத்தில் இரயிலேறி எழும்பூர் போய்ச் சேர்வதற்குள், வாங்கிவரச் சொன்ன ஐந்து பொருள்களில் இரண்டு மறந்துவிடுகின்றன. இத்தகைய நமக்கு, நூறு வகையான வேலைகளை ஓரிடத்தில் அமர்ந்து மனத்தில் வாங்கி, ஒன்றோடொன்று குழம்பாமல் முடித்துக் காட்டிய ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார் என்பது வியப்பாக இருக்கிறதல்லவா? அவரே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

அவதானம் என்றால் கவனம். எட்டுச் செயல்களில் ஒரே வேளையில் கருத்தைச் செலுத்துவோரை அட்டாவதானி என்பர். பதினாறில் செலுத்துவோர் சோடசாவதானி. சதம் என்பது நூறு. நூறில் செலுத்துவோர் சதாவதானி. எட்டு வரை ஏறியவர்கள் தமிழில் பலருண்டு. நூறு என்னும் உச்சியைத் தொட்டவர்களோ மிகச் சிலர்.

பாவலர் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தார். வடலூர் வள்ளலார் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இந்தத் தொடர்புக்குப் பின்னர் வருவோம். இடலாக்குடி அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்றார். இசுலாமியச் சிறுவர் ஒருவர் இந்து ஆசிரியர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றதை அவ்வூரார் எவரும் புதுமையாக எண்ணவில்லை. பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்குக் கைவந்துவிட்டது.

பின்னர் அவர் சென்னைக்கு வந்து, நூல்களைப் பிழைதிருத்திப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். அதற்கு உரை வகுத்த பெருமை பாவலருக்கு உண்டு. ஒரு நூலை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்துகிறவருக்குக் கவனம் எவ்வளவு கூர்மைப்படும் என்பதைத் தேர்வுத்தாள் திருத்தும் நம் ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள்!

அவதானம் நடைபெறும் முறையைச் சிறிது கூறுவோம். அவதானி நடுவில் அமர்ந்திருப்பார். அவர் முதுகில் ஒருவர் அவ்வப்போது சிறு கல்லையோ மலரையோ எறிவார். இன்னொருவர் நினைத்தபோதெல்லாம் மணி அடிப்பார். எத்தனை கல், எத்தனை மணி என்பதை இறுதியில் அவதானி சொல்ல வேண்டும். இதற்கிடையில் ஒருவர் பெருக்கற்கணக்குக் கொடுப்பார். ஒருவர் ஏதோ ஓராண்டின் தேதியைச் சொல்லி அன்று என்ன கிழமை என்பார். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் சொக்கட்டான் உருட்டுவார். புலவர் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்து மற்ற அடிகளைப் பாடச் சொல்வார். இலக்கியத்தில் ஐயம் கேட்பவரும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே அவதானியின் நாவு இறைவன் திருநாமத்தை விடாது சொல்லிக்கொண்டிருக்கும்.

இதில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள் அவையோர். இக்காலத்தில் மனத்தைப் படிப்பதாகச் சொல்லி மேடையேறும் கலைஞர்கள் சிலர், அவையோருக்குத் தெரியாத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வியக்க வைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 40 மாணவியர் உள்ள வகுப்பில் ஒருவர் நுழைந்து, இங்கே ஒரே தேதியில் பிறந்த இருவர் இருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னால் நாம் மலைத்துப்போவோம். ஆண்டுக்கு 365 நாள்கள் இருக்க, 40 பேருக்குள் அப்படி நேருமா என்று எண்ணுவோம். ஆனால் 40 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 780 இணைகள் கிடைக்கும். எனவே அவர் சொன்னது பலிப்பதற்கு நூற்றுக்கு 89 பங்கு வாய்ப்பு உண்டு. 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். நிகழ்தகவு என்று மேல்வகுப்பில் நாம் படிக்கும் இக்கணக்கு, 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து வளர்ந்தது.

அவதானத்தில் இந்த உபாயம் செல்லாது. இங்கே அதே நிகழ்தகவு அவதானிக்கு எதிராக நிற்கிறது. கல் எண்ணிக்கை ஒன்று முதல் நூறுக்குள் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கில் சொன்னால் சரியாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. மணிக்கும் அப்படியே. இரண்டும் ஒருங்கே சரியாக வேண்டுமானால் பத்தாயிரத்தில் ஒன்று. கிழமையையும் சேர்த்தால் எழுபதாயிரத்தில் ஒன்று. மூன்று கேள்விக்கே இப்படியானால் நூறுக்கு என்ன சொல்வது! கல் எறிபவர் வேறு, மணி அடிப்பவர் வேறு, கணக்குக் கொடுப்பவர் வேறு. ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாத அறிஞர்கள் அவையில் இருப்பதுதான் அவதானத்திற்கு உரைகல். அவை எவ்வளவுக்கெவ்வளவு அறிவுடையதோ, அவ்வளவுக்கவ்வளவு வெற்றியும் மதிப்புப் பெறும்.

நினைவுக் கலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டில் மறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, மனத்துக்குள் ஒரு மாளிகையைக் கட்டி, அதன் அறைகளில் நினைவுகளை வரிசையாக வைக்கும் முறையைச் சீன மொழியிலேயே நூலாக எழுதினார். தொடர்பில்லாத சீன எழுத்துகளின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒப்பித்து அவர் கற்றோரை வியக்க வைத்ததுண்டு.

பாவலரின் பெருநாள் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள். இடம் சென்னை விக்டோரியா மண்டபம். நாம் தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் சென்று பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், சென்ட்ரல் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே தெரியும் அதே செந்நிறக் கட்டடம்தான். (மின்சார இரயில் 1931இல்தான் வந்தது. எனவே அன்று அவை சேர்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.) அங்கே அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களைச் செய்துகாட்டிச் சதாவதானி என்னும் பாராட்டைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அன்று என்ன கிழமை? அவதானியைப் போல நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. ஓராண்டுக்கு ஒரு கிழமை நகரும். லீப் ஆண்டுக்கு இரண்டு. 1907 வரை ஏழாண்டுகள், அவற்றுள் 1904 மட்டும் லீப் ஆண்டு. ஆக எட்டு நகர்வு. ஏழைத் தள்ளினால் ஒன்று. எனவே 1907 ஜனவரி 1 செவ்வாய். அதிலிருந்து மார்ச் 10 வரை 68 நாள்கள். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. செவ்வாயிலிருந்து ஐந்து தள்ளினால் ஞாயிறு. தாளும் பென்சிலும் கொண்டு நாம் செய்த இதை, முதுகில் கல் விழ, காதில் மணி ஒலிக்க, மனத்திலேயே செய்ய வேண்டும்!

அவையோர் எல்லோரும் நல்லெண்ணத்தோடு வருவார்கள் என்று சொல்ல முடியாது. பாவலரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ஓர் அவையில் ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும்படி வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தாராம். துருக்கன் என்பது முசுலிம்களைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல். பாடினால் தம் சமயத்துக்கு மாறாகப் பேசியவராவார். மறுத்தால் அவதானத்தில் தோற்றவராவார். அவை மூச்சடக்கி இருந்திருக்கும். பாவலர் சினம் கொள்ளவில்லை. முந்தைய அடியில் பரதனையும் இலக்குவனையும் வரச்செய்து, அந்த அடியைச் 'சத்' என்னும் ஓசையில் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்து வரும் துருக்கன் அதனோடு சேர்ந்து சத்துருக்கன் ஆகிவிட்டான்! தம்பியர் மூவருக்கும் அண்ணன் துணை என்று பொருள் அமைந்துவிட்டது. கொடுத்த அடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை; எவர் மனமும் புண்படவில்லை. அவருடைய நூறு செயல்களிலும் நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. கல்லை எண்ணுவதற்குப் பயிற்சி போதும். அவமதிப்பை எதிர்கொண்ட அந்த ஒரு நொடியில் அறிவு கலங்காமல் இருப்பதற்குப் பயிற்சி மட்டும் போதுமா?

வள்ளலார் தொடர்பைச் சொல்லாமல் விட்டோம். இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா அல்லவா என்று சைவர்களுக்குள்ளேயே பெரும்பூசல் நடந்தது. வழக்குமன்றம் வரை சென்ற அந்தப் பூசலில், அருட்பாவே என்று மேடையேறி வாதாடியவர்களுள் இந்த இசுலாமியப் பாவலரும் ஒருவர். தமக்கென்ன என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். நல்ல தமிழ் என்று கண்டபின் அவரால் ஒதுங்க முடியவில்லை போலும்.

கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நீதிவெண்பா முதலிய நூல்களை அவர் இயற்றினார். நாட்டு விடுதலைக்காகவும் மேடைகளில் பேசினார். 1950 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த மண் 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதைக் காண அவர் இல்லை. இடலாக்குடியில் அவர் பெயரால் மணிமண்டபமும் பள்ளியும் உள்ளன. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. 2008இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவர் பிறந்த 1874 ஜூலை 31 வெள்ளிக்கிழமை. மறைந்த நாளின் கிழமையை நம் மாணவியர் கண்டுபிடிக்கலாம். 1950 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.