இல்லறத்திலும் புனிதம் வளரும்



புனிதம் என்பது குருக்களுக்கும் கன்னியர்க்கும் உரியது, பிள்ளை குட்டிகளோடு அல்லற்படும் நமக்கு அது எட்டாது என்று நீங்கள் எண்ணியதுண்டா? அந்த எண்ணம் தவறு என்று நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துரைத்தவர் புனித பிரான்சீஸ்கு சலேசியார்.

அவர் 1567ஆம் ஆண்டு சவோய் நாட்டில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தார். பாரிஸிலும் பாதுவாவிலும் பயின்று சட்ட அறிஞரானார். தந்தையார் விரும்பிய உலகப் பதவியைத் துறந்து 1593இல் குருவானார். மறு ஆண்டில், கல்வீன் கொள்கையைத் தழுவியிருந்த சாப்ளே பகுதிக்குச் சென்றார். அவரது பிரசங்கத்தைக் கேட்க மக்கள் அஞ்சினர். அவரோ மனந்தளராமல், விசுவாச விளக்கங்களைச் சிறு பிரசுரங்களாக எழுதி வீடு வீடாகச் சேர்ப்பித்தார். நான்கே ஆண்டுகளில் பெருந்தொகையானோர் திருச்சபைக்குத் திரும்பினர். கத்தோலிக்க எழுத்தாளரின் பாதுகாவலராக 1923இல் அவர் அறிவிக்கப்பட்டது பொருத்தமன்றோ!

1602இல் ஜெனீவாவின் ஆயரானார். அந்நகர் கல்வீனியர் வசம் இருந்தமையால் அன்சி நகரில் தங்கிப் பணியாற்றினார்.

சாந்தத்துக்குப் பெயர்பெற்ற இவர் இயல்பிலே கோபக்காரர் என்பதை அறிவீர்களா? அந்தச் சாந்தம் ஒரே நாளில் வந்ததன்று. பல ஆண்டுகள் செபத்தாலும் தன்னடக்கத்தாலும், இறையருளின் துணையோடு சிறுகச் சிறுக வளர்ந்தது.

மணமான பெண்ணொருவருக்கு எழுதிய ஆன்மீக அறிவுரைகளைத் தொகுத்து, பக்தி வாழ்வுக்கு வழிகாட்டும் நூலொன்றை 1609இல் வெளியிட்டார். படைவீரன், தொழிலாளி, இல்லத்தரசி என ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலேயே புனிதராகலாம். தன் கடமையைக் கைவிடச் செய்யும் பக்தி உண்மையான பக்தியன்று என்பதே அதன் சாரம். தவறி வீழ்ந்தால் உங்களையே வெறுத்துக்கொள்ளாதீர்கள், இறைவனை நம்பி மெல்ல எழுந்து நடவுங்கள் என்றும் அவர் கற்பித்தார். புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் போதித்தபோது, அவரது குரலே மீண்டும் ஒலித்தது எனலாம்.

1622 டிசம்பர் 28இல் லியோன் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். திருநாள் சனவரி 24.

பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு முறையும் அதே குற்றத்தையே சொல்லிச் சோர்ந்திருக்கிறீர்களா? ஞானஸ்நானத்தில் உங்களுள் ஊன்றப்பட்ட அருளின் வித்து இன்னும் உயிரோடிருக்கிறது. இன்று வீட்டில் சுடுசொல் நாவில் எழும்போது அதை ஒருமுறை அடக்கிப் பாருங்கள். நாளை தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். சலேசியார் வளர்ந்ததும் அவ்வழியேதான்.