எழுத்துச் சிற்பி

விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். அங்கே களிமண் அச்சிற் படிந்து, சூளையில் வெந்து, உருப்பெறுகின்றது. அந்நகரை அடுத்த கோணான்குப்பம் என்னும் சிற்றூரோ, தமிழ் எழுத்தின் உருவைத் திருத்திய பெரியார் ஒருவரை நினைவூட்டுகின்றது. அவரே இத்தாலி நாட்டினின்றும் வந்த வீரமாமுனிவர்.

இவர் 1680 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8 ஆம் நாள் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். பெஸ்கி என்பது இவர்தம் குடிப்பெயர். இளமையிலேயே இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்டார். சமயப்பணி கருதிக் கப்பலேறி, 1710 இல் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை நாட்டை வந்து சேர்ந்தார். முப்பது வயதில், சிறுவர் போல அகரம் முதலாகத் தமிழ் பயிலத் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் இவர்க்குத் தமிழாசிரியராக விளங்கினார் என்பர்.

அக்காலத்தில் தமிழ் பயில்வார்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. எகர ஒகரங்களின் குறிலுக்குப் புள்ளியிடுதலும், நெடிலைப் புள்ளியின்றி எழுதுதலும் பழைய மரபு. ஆயினும், எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, பலர் அதனை விடுத்தே எழுதினர். ஆதலின், ஏட்டில் எழுதப்பட்ட சொல் நெருப்பைக் குறிக்கும் எரியோ, நீர் நிறைந்த ஏரியோ என்று படிப்போர் மயங்கினர். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியிருந்தது. முனிவர் இக்குறையைக் களைய முற்பட்டார். நெடில் எழுத்துகளுக்குச் சுழியும் கோடும் அமைத்து வேறுபடுத்தினார். ஏகாரமும் ஓகாரமும், மேலே சுழித்த இரட்டைக் கொம்பும் இன்று நம் கண்ணுக்குத் தனித்துத் தோன்றுவது இத்திருத்தத்தின் பயனே.

கற்ற மொழிக்கு அவர் கைம்மாறு பல செய்தார். சூசையப்பர் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடினார். அதன்கண் 3615 பாக்கள் உள்ளன. பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகப் பகுத்துச் சதுரகராதியைத் தொகுத்தார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலை இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். கோணான்குப்பத்தில் மரியன்னைக்குக் கோயில் எழுப்பியபொழுது, அவ்வன்னையைப் பெரியநாயகி என்று தமிழ்ப்பெயரால் அழைத்தார். அப்பெயர், விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் எழுந்தருளியுள்ள அம்மைக்கும் உரியதாகும்.

முனிவர் 1747 இல் அம்பலக்காட்டில் மறைந்தார் என்பர். 1968 இல் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டின்பொழுது சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை நிறுவப்பெற்றது. கல்லில் உருச் செதுக்குவோர் ஆண்டுகள் பல உழைத்துக் கை பழகுகின்றனர். முனிவரும் அவ்வாறே உழைத்துத் தமிழ் பழகினார். பயில்வோனாகிய தாம் பட்ட இடரைப் பின்வருவோர் படலாகாது என்று எண்ணியமையே அவர்தம் பெருமை. நாம் ஏரி என்று எழுதும்பொழுதெல்லாம் அவர் பணி நம் கையில் வாழ்கின்றது.