கண்ணாடிச் சுவரின் விலை

புதுமனை கட்டுவோர் பலர் இன்று விரும்புவது தரையிலிருந்து கூரை வரை நீளும் கண்ணாடிச் சாளரம். இந்த விருப்பத்தை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே. அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பட்டறிந்தவரும் அவரே.

1887-இல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் செழித்த மலை நகரம் ஒன்றில் பிறந்தார். தந்தை கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் கைவினைஞர். தாய் பியானோ ஆசிரியை. 1917-இல் பாரிஸில் குடியேறினார். வீட்டின் சுமையைக் கான்கிரீட் தூண்களே தாங்கும்போது, சுவரில் எவ்வளவு நீளமான சாளரத்தையும் திறக்கலாம் என்பது அவர் கொள்கை. ஜெனீவா ஏரிக்கரையில் 1923-24-இல் தம் பெற்றோருக்குக் கட்டிய சிறு வீட்டில் 11 மீட்டர் நீளச் சாளரத்தை அமைத்தார்.

சோதனை பாரிஸிலேயே வந்தது. வீடற்றோருக்காகச் சால்வேஷன் ஆர்மி அமைப்பு எழுப்பிய விடுதியின் தெற்கு முகப்பு முழுவதையும் திறக்க இயலாத கண்ணாடியால் மூடினார். இரட்டைக் கண்ணாடியும் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் அவரது திட்டத்தில் இருந்தன. பணப் பற்றாக்குறையால் இரண்டும் கைவிடப்பட்டன. கண்ணாடிச் சுவர் மட்டும் எஞ்சியது.

1933 டிசம்பரில் விடுதி திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் குறையில்லை. கோடை வந்ததும் அறைகள் வெந்தன. கண்ணாடி வழியே நுழையும் வெயில், தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பம் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறுவதில்லை. திறக்கும் சாளரங்களை வைக்குமாறு நிர்வாகம் வற்புறுத்தியது. தம் கொள்கையை விட மனமின்றி அவர் வாதாடினார். இறுதியில் சாளரங்கள் வைக்கப்பட்டன. போரில் சேதமுற்ற அந்த முகப்பு 1950-களின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டபோது, கண்ணாடிக்கு வெளியே கான்கிரீட் வெயில் தடுப்புகள் எழுந்தன.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்ற அந்தப் பாடத்தோடுதான் அவர் 1951-இல் சண்டீகர் வந்தார். உயர் நீதிமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் கண்ணாடி ஆழமான கான்கிரீட் கட்டங்களுக்குள் பின்வாங்கி நிற்கிறது. அங்கும் குறை இல்லாமலில்லை: பகலில் சூடேறும் கான்கிரீட், மாலையில் அந்தச் சூட்டை உமிழ்கிறது.

தமக்கென மத்தியதரைக் கடலோரத்தில் 1952-இல் அவர் அமைத்துக்கொண்டது 3.66 மீட்டர் சதுரமான ஒரு மரக்குடில். அதன் சாளரங்கள் சிறியவை. 1965-இல் அதனருகே கடலில் நீந்தியபோது உயிர் நீத்தார்.

பொருளாதாரம் பயின்றவனுக்கு அவர் வாழ்வில் தெரிவது ஒரு கணக்கு. கட்டும்போது குறைக்கப்படும் செலவு மறைந்துபோவதில்லை. குடியிருப்பவர் தலையில் ஆண்டுதோறும் விழுகிறது. பாரிஸில் அதை ஏழைகள் தம் உடலால் செலுத்தினர். நாம் மின்கட்டணமாகச் செலுத்துகிறோம். உள்ளே தொங்கும் திரைச்சீலை, நுழைந்துவிட்ட வெப்பத்தை முழுமையாகத் திருப்பி அனுப்பாது. தெற்கே நீட்டிய மேல்விதானமும், தாழ்ந்து வரும் மாலை வெயிலைத் தடுக்க மேற்கே செங்குத்துத் தடுப்பும் அந்தப் பணியைச் செய்யும்.

பெரிய சாளரம் வேண்டாம் என்பதல்ல. கண்ணாடிக்குப் பணம் ஒதுக்கும் நாளிலேயே நிழலுக்கும் ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் போதாதெனில், குறைக்க வேண்டியது கண்ணாடியையே.